மூடி இல்லாமல் ஓடிய மிஷின்

புதிதாகக் கிராம சுகாதாரச் செவிலியர் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். சிவகாசி வட்டாரம் என்றதும் எல்லோரும் உங்களிடம் பட்டாசைப் பற்றித்தான் முதலில் பேசியிருப்பார்கள். எந்தக் கம்பெனி எந்தப் பக்கம், சத்தம் கேட்டால் யாரைக் கூப்பிடுவது, தீக்காயத்தில் எதைத் தடவ விடக் கூடாது என்றெல்லாம் சொல்லியிருப்பார்கள். அதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதுதான். நானும் அந்தக் காயங்களோடு மல்லுக்கட்டியவள்தான். ஆனால் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் இந்த நாட்களில் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது ஒரு மக்காச்சோளக் களம்.

பட்டாசுக் கம்பெனி வாசலில் ஒரு பிள்ளை நின்றால் இங்கே கேட்க ஆள் இருக்கிறது. அதிகாரி வருவார், பத்திரிகைக்காரர் வருவார், ஊர்க்காரர்களே பயப்படுவார்கள். அதே பிள்ளை அப்பாவின் புஞ்சையில் நின்றால் யாரும் கேட்பதில்லை. "சின்னப் புள்ள எம்புட்டு ஒத்தாசையா இருக்கு பாருங்க" என்று மெச்சிக்கொள்வார்கள். டிராக்டர் மட்கார்டில் தொற்றிக்கொண்டு போகும் பிள்ளை, சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் பிள்ளை, கலர் பாட்டிலில் ஊற்றிவைத்த பூச்சிமருந்தைக் குடித்துவிட்ட பிள்ளை, ஈரக் கையோடு மோட்டார் சுவிட்சைப் போடும் பிள்ளை. எல்லாம் நாம் தடுப்பூசி போட்டு வளர்த்த பிள்ளைகள்தான்.

முத்துமாரியும் அப்படித்தான். அவளுக்குப் போட்ட முதல் ஊசியே என் கையால் போட்டது.

ஆனைக்குட்டம் அணைக்கட்டை ஒட்டிய சின்ன ஊர் அது. பெயர் வேண்டாம். முத்துமாரியின் அம்மா பேச்சியம்மாள் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிற வேலை பார்த்தவள். அவளுடைய அக்காவும் அதே கம்பெனிதான். ஒரு நாள் அக்கா இருந்த அறை வெடித்தது. அக்கா போய்ச் சேர்ந்தாள். அதோடு பேச்சி வேலையை விட்டாள். புருஷன் சுப்புராஜையும் கம்பெனி லோடு வேலையிலிருந்து நிறுத்தினாள். அவன் பங்குக்குக் கிடந்த கரிசல் காட்டில் இரண்டு பேரும் மக்காச்சோளமும் பருத்தியும் போட்டார்கள்.

இளைய மகளை எடை போட வந்த ஒரு நாளில் பேச்சி என்னிடம் சொன்னாள்: "வெளையுதோ வெளையலையோ நர்ஸம்மா, காட்டுல இருந்தா உசுரோட இருப்போம். எம் புள்ளைக ரெண்டும் அந்தப் பக்கமே தல வச்சுப் படுக்காது."

அவள் சொன்னதில் எனக்கும் தப்பு தெரியவில்லை.

முத்துமாரிக்குச் சின்ன வயதில் அம்மை போட்டுப் பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. அப்போது பேச்சி இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தால் முடியில் கத்தி படாமல் வளர்த்து, அவள் பெரிய மனுஷியாகும் முன்பு ஓர் ஆடிக் கடைசி வெள்ளியில் கோயிலில் இறக்குவதாக வேண்டுதல். அதனால் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே அந்தப் பிள்ளைக்கு இடுப்புக்குக் கீழே முடி தொங்கும். பள்ளிக்கூட நாளில் இரட்டைச் சடை போட்டு மடித்துக் கட்டுவாள். லீவு நாளில் ஒற்றைப் பின்னல்.

அது தை மாதம், சனிக்கிழமை. அந்தத் தெருவில் பிரசவமாகி வந்திருந்த ஒரு பெண்ணைப் பார்க்கப் போயிருந்தேன். ஊருக்கு வெளியே களத்தில் சுப்புராஜின் சோளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். சோளம் அடிக்கிற மிஷினை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டிராக்டரின் பின்பக்கத்திலிருந்து ஓர் இரும்புத் தண்டு போய் மிஷினைச் சுற்றும். 'சாப்ட்டு' என்பார்கள். கண்ணுக்குச் சுற்றுவதே தெரியாத வேகம். அதன் மேல் ஒரு கூடு, மூடி மாதிரி, இருக்க வேண்டும். மிஷின் வாங்கும்போது இருக்கும். பிறகு கிரீஸ் வைக்கத் தொந்தரவு, ஆடிச் சத்தம் போடுகிறது என்று கழற்றிப் போட்டுவிடுவார்கள். அங்கேயும் அப்படித்தான் கழற்றியிருந்தார்கள்.

களத்து வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. ஊரில் பாதிப் பேர் கம்பெனிக்குப் போயிருந்தார்கள். சுப்புராஜ், பேச்சி, சுப்புராஜின் அண்ணன், மிஷினோடு வந்த டிரைவர், இவ்வளவுதான். அதனால் முத்துமாரியும் நின்றாள். சிந்துகிற கருதை, அதாவது சோளக் கதிரை, பொறுக்கிக் கூடையில் போடுவது அவள் வேலை. அவளுடைய தங்கச்சி ராசாத்தி மர நிழலில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் பிரசவக்காரியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. இந்த வட்டாரத்தில் அதை யாரும் இடி என்று நினைக்க மாட்டார்கள். தெருவே வெளியே வந்தது. தூரத்தில் புகை எழும்பியது. எந்தக் கம்பெனி, எந்தக் கம்பெனி என்று ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள். ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடினாள்.

களத்திலும் அதேதான் நடந்திருக்கிறது. சுப்புராஜின் தங்கை அந்தத் திசையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். அவன் கருதைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தான். பேச்சி வரப்பில் ஏறிப் புகையைப் பார்த்தாள். அண்ணன் அவள் பக்கத்தில் போய் நின்றார். டிரைவர் இறங்கிவிட்டான், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் எல்லோரும் புகையைப் பார்த்தார்கள். வேலையைப் பார்த்தது முத்துமாரி ஒருத்திதான். ஒரு கருது உருண்டு சாப்ட்டுக்கு அடியில் போய்விட்டது. குனிந்தாள்.

அலறல் எனக்கும் கேட்டது. வெடிவிபத்துக்காக அழுகிறார்கள் என்றுதான் முதலில் எண்ணினேன், தெருவே அழுதுகொண்டிருந்ததால். பிறகு டிராக்டர் சத்தம் திணறி, சட்டென்று நின்றது. வெடித்தது அங்கே தூரத்தில். இங்கே பக்கத்தில் ஒரு மிஷின் ஏன் நிற்க வேண்டும்? பையை எடுத்துக்கொண்டு களத்துக்கு ஓடினேன். எல்லோரும் ஒரு பக்கம் பார்க்கும்போது மற்றப் பக்கத்தில் ஏதாவது சத்தம் மாறினால் திரும்புங்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

முத்துமாரி மண்ணில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்பதையே என்னால் நம்ப முடியவில்லை. பின்னல் சாப்ட்டில் சுற்றி, தலைத்தோல் மொத்தமும், புருவத்துக்கு மேலிருந்து பிடரி வரை, முடியோடு உரிந்து போயிருந்தது. இதற்கு மேல் விவரிக்க மாட்டேன். பிள்ளைக்கு நினைவு இருந்தது. கண்ணில் ரத்தம் இறங்கியதால் எதையும் பார்க்க முடியாமல் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள்.

சுப்புராஜ் காதில் வைத்த போனை இறக்கவே இல்லை. அதிலிருந்து அவன் தங்கையின் குரல் எனக்குக் கேட்டது. "நான் வெளிய வந்துட்டேண்ணே. எனக்கு ஒண்ணுமில்ல. கேக்குதா? எனக்கு ஒண்ணுமில்லண்ணே." அவன் மகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

முதலில் அசைந்தது சுப்புராஜின் அண்ணன். ஒரு கை நிறைய மஞ்சள்தூளோ காப்பித்தூளோ எதையோ வாங்கிவர ஊருக்குள் ஓடப் போனார். "ஒண்ணும் போடக் கூடாது அண்ணே, துணி மட்டும் குடுங்க" என்றேன். தோளில் கிடந்த துண்டைக் கொடுத்தார். என் பையில் இருந்த பஞ்சும் துணியும் அந்தத் தலைக்கு எப்படிப் போதும்? அவரையே பேச்சி வீட்டுக்கு அனுப்பி, கொடியில் கிடந்த துவைத்த வேட்டியை எடுத்துவரச் சொன்னேன். அதை மடித்துத் தலை முழுக்க வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். கழுத்திலும் அடிபட்டிருக்கலாம் என்பதால் பிள்ளையை என் மடியில் சாய்த்து, தலை ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் சாப்ட்டைப் பார்த்தேன். முடி அதில் கயிறு போலச் சுற்றியிருந்தது. தோல் அதோடு தொங்கியது.

அதை எடுக்க வேண்டும். நல்லபடியாகக் கொண்டுபோனால் சில நேரம் திரும்ப வைத்துத் தைக்க வாய்ப்பு உண்டு என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் கையை எடுத்தால் ரத்தம் போகும். டிரைவரைக் கூப்பிட்டேன். எஞ்சினை நிறுத்திய கையோடு அவன் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அண்ணன் சொன்னார்:

"அதப் போயி எதுக்கு நர்ஸம்மா தொட்டுக்கிட்டு? குழியத் தோண்டிப் பொதைச்சிருவோம். புள்ள கண்ணுல படக் கூடாது."

"அது வெறும் முடியில்ல அண்ணே. அவ தோலு. டாக்டருக்கு வேணும்."

பேச்சி அதுவரை வரப்பிலிருந்து இறங்கவில்லை. அவளைப் பெயர் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டேன். வந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அழக்கூட இல்லை. இவளிடம் கொடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அவள் கையைப் பார்த்தேன், நடுங்கவில்லை. பட்டாசு மருந்துக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்த கை.

"பேச்சி, என் கைக்கு மேல உன் கைய வையி. அழுத்திக்கோ. நான் வர்ற வரைக்கும் எடுக்கக் கூடாது. துணி நனைஞ்சாலும் எடுக்கக் கூடாது."

"சரி நர்ஸம்மா" என்று வைத்தாள்.

நான் கருக்கரிவாளை வாங்கி முடியை அறுத்தேன். தோலில் வெட்டு விழாமல் முடியைத்தான் அறுக்க வேண்டும். சாப்ட்டு இன்னும் சுட்டது. "ஏசப்பா, கை தவறக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே அறுத்தது நினைவிருக்கிறது. சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து அதில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினேன். ஐஸ் வேண்டும் என்றேன். சற்று முன்பு புதைத்துவிடலாம் என்று சொன்ன அதே அண்ணன் பெட்டிக்கடைக்கு ஓடி, கடைக்காரரின் குளிர்பெட்டியில் கிடந்த தண்ணீர் பாக்கெட்டையும் பால் ஐசையும் ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு வந்தார். தோல் ஐசில் நேராகப் படக் கூடாது. அதனால் வாளியில் தண்ணீர் ஊற்றி, கட்டிய பையை அதற்குள் வைத்தேன்.

ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். பக்கத்தில் இருந்த வண்டிகள் எல்லாம் வெடித்த இடத்துக்குப் போயிருந்தன. அவர்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அங்கே மனிதர்கள் எரிந்துகொண்டிருந்தார்கள். காத்திருப்பதா, கிளம்புவதா? மூட்டை ஏற்ற வந்த குட்டியானை வண்டி ஒன்று களத்து ஓரத்தில் நின்றது. காலிச் சாக்குகளை அடுக்கிப் பிள்ளையை அதில் படுக்கவைத்தோம். சிவகாசியில் தெரிந்த டாக்டர் இருக்கிறார், அதுதான் கிட்ட என்றார் அண்ணன். சிவகாசியில் எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் அப்போது கூட்டம் நெரியும் என்று எனக்குத் தோன்றியது. தைக்கிறவர்களும் மயக்க மருந்து கொடுக்கிறவர்களும் ரத்தமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். கிட்டத்தில் இருக்கிறது என்பதற்காக ஓர் இடத்துக்குப் போய், அங்கிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்பப்பட்டு, வழியிலேயே பிள்ளைகளை இழந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

வண்டியில் முத்துமாரி பேசினாள். மெல்லிய குரல்.

"நர்ஸம்மா இருக்கீகளா?"

"இருக்கேன் தாயி. பேசாமப் படுத்துக்கோ."

"அப்பாட்ட சொல்லுங்க. நான் பாத்துத்தான் நின்னேன். வெளையாடல."

சுப்புராஜ் காலடியில்தான் உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கேட்டது. துண்டை வாயில் திணித்துக்கொண்டான்.

இதை நீங்கள் மறக்கவே கூடாது. தோலே உரிந்து கிடக்கும்போதும் ஒரு பிள்ளைக்கு முதலில் வரும் பயம், திட்டு விழும் என்பதுதான். நான் அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னேன்: "நீ சரியாத்தான் நின்ன. அந்த மிஷினு அப்படி நின்னிருக்கக் கூடாது." சுப்புராஜுக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் தீக்காயக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லாப் பக்கமும் கத்தல். எங்கள் பிள்ளை சத்தம் போடவில்லை. தலையில் வெள்ளைத் துணி கட்டி அமைதியாகக் கிடக்கும் பிள்ளையை, சாதாரண மண்டைக் காயம் என்று யார் வேண்டுமானாலும் நினைத்துவிடலாம். நான் சீருடையில் இருந்தது உதவியது. ஓடிக்கொண்டிருந்த ஓர் இளம் டாக்டரின் முன்னால் போய் நின்று, சத்தத்தை உயர்த்தாமல், "பத்து வயசுப் பிள்ளை, தலைத்தோல் முழுசா உரிஞ்சிருச்சு, தோலை ஐஸ்ல கொண்டுவந்திருக்கோம், நாடி வேகமா ஓடுது" என்றேன். அவர் நின்றுவிட்டார். முன்கதையைச் சொல்லப் போயிருந்தால் நின்றிருக்க மாட்டார். ரத்தம் ஏற்றினார்கள். அங்கிருந்து மதுரைக்குப் பேசி, இம்முறை ஆம்புலன்சிலேயே அனுப்பினார்கள். அந்த வாளியை நான் யார் கையிலும் கொடுக்கவில்லை. அத்தனை களேபரத்தில் ஒரு வாளியை யாராவது நகர்த்தி வைத்துவிட்டால் அதோடு முடிந்தது.

களத்தில் 'சரி' என்றதற்குப் பிறகு, மதுரையில் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே வைத்துத்தான் பேச்சி வாய் திறந்தாள்.

"ஆடியில எறக்குறதா இருந்தேன் நர்ஸம்மா. போன வருசமே எறக்கியிருக்கணும். முடி அழகா இருக்கேன்னு ஒரு வருசம் தள்ளிப் போட்டேன். ஆத்தாளே எடுத்துக்கிட்டா."

அண்ணனும் தலையை ஆட்டினார். "சாமி காரியத்தத் தள்ளிப் போடக் கூடாது. புள்ளையும் சூதானமா நின்னிருக்கணும்ல."

நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள். அவர்கள் சாமியைப் பற்றி நான் பேசினால் தப்பாகப் போகும் என்று வாய் வரை வந்ததை அடக்கப் பார்த்தேன். ஆனால் அந்தப் பேச்சு அப்படியே ஊருக்குப் போனால், பிள்ளையின் மேல் பாதிப் பழி, சாமியின் மேல் பாதிப் பழி என்று முடிந்துவிடும். மிஷின்மேல் ஒன்றும் வராது. "பேச்சி, அம்மை வந்தப்ப உசுரக் குடுத்தவ இப்ப எதுக்கு இப்படி எடுக்கப் போறா? சாப்ட்டுக்கு மூடி இல்ல. அதான் எடுத்துச்சு" என்றேன். பேச்சி என்னை வெகுநேரம் பார்த்தாள்.

டாக்டர்கள் விடிய விடியப் பாடுபட்டு அந்தத் தோலை வைத்துத் தைத்தார்கள். முதலில் நிறம் நன்றாக இருந்தது என்றார்கள். பேச்சி போனில் சொன்னபோது நான் அழுதுவிட்டேன். பிறகு ஓர் ஓரத்தில் கறுத்தது. அந்தக் கறுப்பு பரவியது. நசுங்கிய ரத்தக்குழாய்கள் தாங்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள். பிள்ளை பிழைத்தாள். முடி இனி முளைக்காது.

அப்படியானால் சாப்ட்டில் அறுத்ததும் வாளியைச் சுமந்ததும் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதை எனக்குள் கேட்டுக்கொண்டேன். பேச்சியிடம் ஒரு நாள் வாய்விட்டே சொன்னேன், இவ்வளவு செய்தும் ஒட்டவில்லையே என்று. அவள் சொன்னாள்: "வச்சுப் பாத்தாகள்ல நர்ஸம்மா. மண்ணுல பொதைச்சிருந்தா, வச்சுப் பாத்திருக்கலாமேன்னு சாகுற வரைக்கும் கெடந்து வெந்திருப்பேன்."

முத்துமாரி வீட்டுக்கு வர மாதங்கள் ஆயின. தலையில் துணி கட்டிப் பள்ளிக்கூடம் போனாள். ஒரு நாள் யாரோ விளையாட்டுக்குத் துணியை இழுத்துவிட்டார்கள். அதன் பிறகு கொஞ்ச காலம் அவள் வீட்டை விட்டே வெளியே வரவில்லை. அவளுடைய டீச்சர் வீட்டுக்கே வந்து பேசிப் பேசித்தான் மறுபடியும் கூட்டிப்போனார். கண்ணாடி இருக்கும் சுவர்ப் பக்கம் அவள் திரும்ப மாட்டாள் என்று பேச்சி சொன்னாள். கண்ணாடியை எடுத்துவிடவா என்று கேட்டதற்கு, "தங்கச்சிக்கு வேணும்ல" என்றாளாம்.

அடுத்த தை வந்தது. வேலையில் அது என் கடைசி வருஷம். அந்த ஊருக்குள் நுழைந்ததுமே கண்ணில் பட்டது, தெருவில் விளையாடிய பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். யாருக்காவது மொட்டை போடப் போனபோது சேர்த்துப் போட்டார்களோ என்று நினைத்து, வாசலில் இருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

"முத்துமாரிக்கு அப்படி ஆனதுல இருந்துதான் நர்ஸம்மா. ஆம்பளைக கூடிப் பேசி முடிவு பண்ணிட்டாக. களத்துக்கு வர்ற பொம்பளப் புள்ளைக்கு முடி இருக்கக் கூடாதுன்னு."

களத்துக்குப் போனேன். அதே டிராக்டர், அதே மிஷின், அதே டிரைவர். சாப்ட்டு வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. மூடி இல்லை. அதற்குப் பக்கத்தில், எட்டித் தொடும் தூரத்தில், சாக்கின்மேல் ராசாத்தி உட்கார்ந்து கருதை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். ஒட்ட வெட்டிய தலை. கால்வரைக்கும் தொங்கும் பாவாடை.

"சுப்புராசு, பிள்ளைய ஏன் இங்கன உக்கார வச்சிருக்க?"

"வீட்டுல பாத்துக்க ஆளு இல்ல நர்ஸம்மா. முடியெல்லாம் வெட்டியாச்சே." கோபமாகச் சொல்லவில்லை. என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னான். அவனைப் பொறுத்தவரை செய்ய வேண்டியதைச் செய்துவிட்டான்.

"பாவாடை சுத்தினா?"

அவன் மகளின் பாவாடையைப் பார்த்தான். அந்த மனிதனின் முகம் மாறியதை என்னால் சொல்ல முடியாது. ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். ஆனால் மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டிரைவரிடம் மூடியைக் கேட்டேன்.

"அதப் போட்டா லொடலொடன்னு அடிக்குதும்மா. ஓனரு வீட்டு ஷெட்டுல கெடக்கு."

கூடையோடு வந்த பேச்சிக்கு நாங்கள் பேசியது எல்லாம் கேட்டிருக்கிறது. கூடையை இறக்கி வைத்தாள். டிராக்டரில் ஏறி எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"யக்கா, சாவியக் குடுங்க. அடுத்த களத்துக்கு ஆளு காத்துக் கெடக்கு" என்றான் டிரைவர்.

"மூடிய எடுத்துட்டு வா."

"அதுக்கு அம்புட்டு தூரம் போகணும்."

"போயிட்டு வா. நான் இங்கனதான் இருப்பேன்."

"ஏ பேச்சி, வண்டி வந்து நிக்குது. சோளம் பாதியில கெடக்கு" என்றார் அண்ணன்.

"கெடக்கட்டும்."

சோளக் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் அண்ணன்தான் டிரைவரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மூடியை எடுத்துவந்தார். மாட்டிய பிறகு பேச்சி தன் கையால் அதை ஆட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் சாவியைக் கொடுத்தாள். மிஷின் லொடலொடவென்று அடித்துக்கொண்டு ஓடியது.

நல்லபடி முடிந்தது என்று இங்கேயே நிறுத்திவிட எனக்கும் ஆசைதான். அடுத்த வாரம் பக்கத்து ஊர் வழியாக ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். ரோட்டோரக் களத்தில் சோளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். லொடலொடச் சத்தம் இல்லை. அதே மிஷின்தான், மூடியை மறுபடி கழற்றியிருந்தார்கள். இரண்டு பிள்ளைகள் குனிந்து கருது பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அது என் எல்லைக்குள் வரும் ஊர் இல்லை. அந்தக் களத்தில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினேன். நேராக டிராக்டருக்குப் போய், கையை நீட்டிச் சாவியைக் கேட்டேன்.